பியானோ ஏறிய படிக்கட்டு!

குழந்தைகளே... லாரல், ஹார்டி தெரியும் தானே? ஒல்லியானவர் லாரல், குண்டானவர் ஹார்டி. இருவர் தலையிலும் வட்டத் தொப்பி.

இவர்கள் நடித்து, 1932ல் வெளிவந்த அரை மணி நேரப் படம், 'தி மியூசிக் பாக்ஸ்'. இதில் இருவருக்கும், வீடு வீடாகச் சாமான் கொண்டு சேர்க்கும் வேலை. பெரிய மரப்பெட்டியில் ஒரு பியானோ. சேர்க்க வேண்டிய வீடோ, மேட்டு உச்சியில்! முன்னால் செங்குத்தான படிக்கட்டு.

முக்கி, முனகி ஏற்றுவர். எதிரே, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு பெண் வருவாள். அவளுக்கு வழி விடுவதற்குள், 'டொங்... டொங்...' என்று தந்திகள் அலற, பெட்டி தடதடவென்று கீழே ஓடிவிடும். மறுபடியும் முதல் படி! அப்போதெல்லாம் ஹார்டி நம்மைத் திரும்பிப் பார்ப்பார். 'இவனோடு நான் படும் பாட்டைப் பாருங்கள்' என்பது போல. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பார்வை தான்.

ஒரு வழியாக மேலே சேர்ந்ததும், தபால்காரர் வருவார். வீடு வரை வண்டி வர, வேறு சாலை இருப்பதாகச் சொல்வார். உடனே இருவரும் என்ன செய்தனர் தெரியுமா? பியானோவைக் கீழே இறக்கி, குதிரை வண்டியில் ஏற்றி, அந்தச் சாலை வழியே வந்தனர்!

நகைச்சுவைக் குறும்படத்துக்கான முதல் ஆஸ்கர் விருது, இந்தப் படத்துக்குத் தான் கிடைத்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அந்த 133 படிகள் இன்றும் உள்ளன.

அதே படிகளில், 1927ல் இதே ஜோடி, துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுமந்த மவுனப் படம், 'ஹாட்ஸ் ஆப்'. அதன் பிரதி ஒன்று கூட இதுவரை அகப்படவில்லை. சில புகைப்படங்கள் மட்டுமே மிச்சம்.