மாட்டு மருந்து பூனைக்கு ஆகுமா?

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் ஒரு நாயும் பாத்திரமாக வருவது பலருக்கு நினைவிருக்காது. உணவில் வாய் வைத்ததற்காக அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கும் அந்த நாயின் காதில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். நாய் மறுபிறப்பில் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, நன்றி மறவாமல் சீவகனுக்குத் துணை நிற்கிறது. 1887இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய இக்காப்பியத்தில், அடிபட்ட நாயின் பக்கத்தில் நின்றவனே தலைவன்.

சமண நெறி தானத்தை நான்காக வகுக்கிறது: உணவு, மருந்து, சாத்திரம், அடைக்கலம். இவற்றுள் மருந்துக்கொடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கொடுக்கிறவனுக்கு மருந்தின் குணமும் வாங்குகிற உயிரின் குணமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால் தானமே இம்சையாகிவிடும். இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அல்சூர் மார்க்கெட் பக்கம் உள்ள எங்கள் கடைக் கிடங்கில் ஒரு பூனை தானாக வந்து சேர்ந்தது. ஒரு நாள் அதன் முதுகில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. எங்கள் ஊரில் மாட்டுப் புண்ணுக்குக் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் போடுவார்கள். நானும் தாராளமாகத் தடவினேன். அரை மணி நேரத்தில் பூனை வாயில் நுரை தள்ளி, உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது. கூடையில் போட்டுக்கொண்டு ஓடினேன். "என்ன தடவினீங்க?" என்று டாக்டர் கேட்டார். நாட்டு வைத்தியம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "பெரியவரே, மாடு முந்நூறு கிலோ. இது மூணு கிலோ. அதோட, மாடு தன் முதுகை நக்கித் துடைச்சுக்காது" என்றார். பூனை பிழைத்தது. அந்த வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது.

மேல்பூச்சே உள்மருந்து

நாயும் பூனையும் காயத்தை நக்கும். ஆகவே அவற்றுக்குத் தோலில் தடவுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும் என்றே கொள்ள வேண்டும். பூனைக்கு இன்னொரு குறையும் உண்டு. பல நச்சுப் பொருள்களை உடைத்து வெளியேற்ற மனிதக் கல்லீரலில் இருக்கும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரை வாங்கிவிடும்.

நம் நாட்டு மருந்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தஞ்சை மாவட்டத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி கால்நடை மூலிகை முறைகளை ஆராய்ந்து பரப்பினார். கோமாரியால் மாட்டின் காலில் வரும் புண்ணுக்கு ஒரு முறை: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள்தூள் 20 கிராம். இவற்றை அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ காய்ச்சி ஆறவிட்டுப் பூச வேண்டும். தேசியப் பால்வள வாரியமும் இதை விவசாயிகளிடம் கொண்டுசென்றது. மாட்டுக்கு இது நல்ல மருந்து. ஆனால் அதிலுள்ள பூண்டு, நாய் பூனைகளின் வயிற்றுக்குள் போனால் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை என்பதால் இப்படிச் சொல்வதாக எண்ண வேண்டாம், விஷயமே அப்படித்தான்.

எது சின்னக் காயம்?

மேல்தோல் மட்டும் சிராய்த்தது, நகத்தளவு கீறல், வாய் பிளக்காத வெட்டு, இவைதான் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை. பத்து நிமிடம் சுத்தமான துணியால் அழுத்தியும் ரத்தம் நிற்காதது, சீழ் கட்டியது, நாற்றம் அடிப்பது, புழு வைத்தது, கண்ணுக்கு அருகில் உள்ளது, இவையெல்லாம் டாக்டருக்கு உரியவை. பூனைக்குப் பூனை போட்ட சண்டையில் பல் பதிந்த துளை வெளியே மிளகளவுதான் தெரியும். உள்ளே சீழ் பரவும். அதைச் சின்னக் காயம் என்று விட்டுவிடக் கூடாது.

முதல் மருந்து தண்ணீர்

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து ஆறவிடுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள முடியை முனை மழுங்கிய கத்தரிக்கோலால் குறைத்துவிட்டு, இந்த உப்புநீரை ஊற்றிக் கழுவுங்கள். பஞ்சின் இழை புண்ணில் ஒட்டும், ஆகவே மெல்லிய பருத்தித் துணியே நல்லது. தினம் இரண்டு வேளை இப்படிச் செய்தால் பெரும்பாலான சிராய்ப்புகள் தாமே ஆறிவிடும். தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. ஸ்பிரிட் நல்ல தசையையும் சேர்த்து எரிக்கும்.

மூலிகைகளில் எது, எதற்கு?

மஞ்சள்: இங்கே பிள்ளைகளுக்கு 'அரிசின' என்றால்தான் தெரியும். கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் குணம் உண்டு. நாயின் சிராய்ப்புக்கு ஒரு சிட்டிகை, கொதித்து ஆறிய நீரில் குழைத்து மெல்லியதாகப் பூசலாம். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயப்பொடி சேர்த்த மஞ்சள்தூளும் சந்தையில் பிடிபட்டதுண்டு. எனவே கிழங்கு வாங்கி அரைத்துக்கொள்வதே உத்தமம்.

வேம்பு: இலையைக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரால் நாயின் காயத்தைக் கழுவலாம். வேப்பெண்ணெயைப் பூனைக்குத் தடவ வேண்டாம்.

வெட்டுக்காயப் பூண்டு: பெயரில் பூண்டு இருந்தாலும் இது சமையல் பூண்டு அல்ல. மைதானத்திலும் சாலையோரத்திலும் மஞ்சள் நடுவோடு சிறு பூப்பூக்கும் செடி. நம் கிராமங்களில் அரிவாள் வெட்டுக்கு இதன் சாறுதான். எலிகளில் நடத்திய ஆய்வுகளிலும் புண் ஆற்றும் குணம் தெரிந்தது. சாலையோர இலையில் புகையும் அழுக்கும் படிந்திருக்கும். சுத்தமான இடத்தில் பறித்து, கழுவி, நாய்க்கு இரண்டு சொட்டு போதும்.

சோற்றுக்கற்றாழை: கன்னடத்தில் லோளெசர. தோலுக்கும் சோற்றுக்கும் இடையே வடியும் மஞ்சள் பால் பேதியாக்கும். அது முழுவதும் போகக் கழுவிய சோற்றை மட்டும் நாய்க்குப் பூசலாம்.

குப்பைமேனி: இதற்குப் 'பூனைவணங்கி' என்றும் பெயர். வேரைப் பிடுங்கினால் பூனை தேடி வந்து முகர்ந்து புரளும். நம் முன்னோரின் கவனிப்பை அந்தப் பெயரே காட்டுகிறது. அதே காரணத்தால் பூனையின் புண்ணில் இதைப் பூசினால் விடாமல் நக்கித் தின்றுவிடும். இலங்கையில் இந்த இலையைச் சாப்பிட்ட, ஒரு நொதிக் குறைபாடு உள்ள மனிதர்களுக்கே சிவப்பணுக்கள் சிதைந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பூனைக்கு வேண்டவே வேண்டாம்.

சுருங்கச் சொன்னால் பூனைக்கு உப்புநீர் மட்டும் போதும். நாய்க்கு மேலே சொன்னவற்றுள் ஒன்று, அதுவும் கொஞ்சம். பூசிய பிறகு கால் மணி நேரம் நக்கவிடாமல் மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். தடுக்க முடியாவிட்டால், மருந்துக் கடையில் கிடைக்கும் கூம்பு வடிவக் கழுத்துப் பட்டையைப் போடுங்கள்.

கடிக்காயத்துக்கு மூலிகை இல்லை

உங்கள் நாயையோ பூனையையோ தெருநாய் கடித்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் காயத்தைக் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். மனிதரைக் கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அதன் மேல் அப்பக் கூடாது. வெறிநோயின் குறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. பாஸ்டர் 1885இல் தடுப்பூசியை மனிதருக்குப் போட்டார். நம் குன்னூரில் 1907இலேயே அதற்கென நிலையம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் ஒருவர் கடிபட்டு, பச்சிலையை நம்பி உயிர் விடுவது நமக்கு அழகல்ல. வீட்டு நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதக் குட்டியிலிருந்தே வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல் மறுபடி போட்டுவாருங்கள்.

பிழைப்புக்காக இங்கே வந்த நாம், பாட்டி சொன்ன மருந்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது மருந்தின் பெயரோடு, யாருக்கு, எவ்வளவு, எப்போது கூடாது என்பதையும் சேர்த்துக் கொடுப்போம். பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. நமக்குத்தான் பாதி மறந்துவிட்டது. எங்கள் கிடங்குப் பூனை அதன் பின் பல வருஷம் இருந்தது. என் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டால் மட்டும் ஓடிவிடும்.