யந்திரம் பாடிய கவி

1974ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அமெரிக்கக் கூட்டரசின் புலனாய்வுத் துறைக்கு ஒரு விசித்திரமான கடிதம் சென்றது. எழுதியவர் பிலிப் கே. டிக் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியர். போலந்து நாட்டில் ஸ்டானிஸ்லாவ் லெம் என்றோர் எழுத்தாளர் இருப்பதாகச் சொல்கிறார்களே, அவர் தனி மனிதரே அல்லர். பலர் கூடி ஒரு பெயரில் எழுதும் குழுவாகவே இருத்தல் வேண்டும் என்பது அவருடைய புகார். ஒரே ஆசிரியர் இத்தனை வேறுபட்ட நடைகளில் எங்ஙனம் எழுதுவார் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

புகார் பொய்தான். ஆயினும் அச்சிட்ட ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதற்குப் பின்னால் உண்மையில் ஒரு மனிதன் இருக்கிறானா?" என்று அவர் கேட்ட கேள்வி இன்று எல்லோர் வாயிலும் புறப்படுகிறது. யாரைக் குறித்து அது கேட்கப்பட்டதோ, அவரே அக்கேள்வியைக் கதையாக்கி ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

லெம் 1921இல் லுவூவ் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று உக்ரைன் நாட்டைச் சேர்ந்தது. மருத்துவம் பயின்றவர், ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது மோட்டார் பட்டறையில் வேலை செய்து உயிர் தப்பியவர், 2006இல் கிராக்கோவ் நகரில் மறைந்தார். 'சைபரியாடா' என்னும் அவருடைய கதைத் தொகுதி 1965இல் வெளிவந்தது. த்ரூர்ல், கிளபௌசியஸ் என இரு சிற்பிகள் அதில் வருகிறார்கள். விண்மீன்களினிடையே சஞ்சரித்து, கேட்டவர்க்குக் கேட்ட யந்திரத்தைச் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். அவர்களும் யந்திரங்களே என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். லெம்முடைய உலகில் மனிதன் பழங்கதையில் வரும் பூதத்தைப் போன்றவன்.

ஒருநாள் த்ரூர்ல் கவி பாடும் யந்திரம் ஒன்றைச் செய்யத் துணிகிறான். யந்திரவியல் நூல்கள் 820 டன்னும், சிறந்த கவிதை 12,000 டன்னும் திரட்டிப் படிக்கத் தொடங்குகிறான். படிக்கப் படிக்க அவனுக்கு ஓர் உண்மை புலப்படுகிறது. ஒரு கவிஞனின் தலைக்குள் இருப்பதை அவன் தானே தேடி வைத்துக்கொள்ளவில்லை. அவன் பிறந்த நாகரிகம் அதை வைத்தது. அந்நாகரிகத்துக்கு அதை அளித்தது அதற்கு முந்தியது. இப்படியே பின்னோக்கிச் சென்றால் பிரபஞ்சத்தின் தொடக்கத்தில்தான் போய் நிற்கவேண்டும். ஆகவே ஒரு கவியைச் செய்ய, முதலில் பிரபஞ்சம் முழுவதையும் ஆதியிலிருந்து யந்திரத்துக்குள் நிகழ்த்திக் காட்டவேண்டும்! த்ரூர்ல் அதையும் செய்து முடிக்கிறான்.

கிளபௌசியஸுக்குப் பொறாமை. யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையாகப் பார்த்து விதிக்கிறான்: காதல், துரோகம், துன்பம் எல்லாம் அடங்கிய ஒரு பாட்டு, ஆறு வரிக்கு மேற்படலாகாது, எதுகை வேண்டும், ஒவ்வொரு சொல்லும் ஒரே எழுத்தில் தொடங்கவேண்டும். அவன் சொல்லி வாய் மூடுமுன் யந்திரம் பாடிவிடுகிறது. நம் தமிழ் நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று. காளமேகப் புலவரிடம் இதைக் காட்டிலும் கொடிய நிபந்தனைகளை விதித்த மகானுபாவர்களைத் தனிப்பாடல் திரட்டில் காணலாம். ககர எழுத்துகளை மட்டுமே கொண்டு அவர் பாடியதாக வழங்கும் வெண்பாவை அறியாதார் யார்?

இங்கே மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர் என்ற முறையில் நாம் சற்று நின்று செல்ல விரும்புகிறோம். போலிஷ் மூலத்தில் அப்பாட்டின் சொற்கள் யாவும் 'சி' எழுத்தில் தொடங்குகின்றன. ஆங்கிலத்தில் பெயர்த்த மைக்கேல் கேண்டல் என்ன செய்வார்? பெயர்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. அவர் மூலத்தை மூடி வைத்துவிட்டு, முடிவெட்டிக்கொள்வதைப் பற்றி, எல்லாச் சொற்களும் 'எஸ்' எழுத்தில் தொடங்கும்படி, புதிதாக ஒரு பாட்டுக் கட்டினார். அது 1974இல் அச்சேறியது. யந்திரத்தின் கவி என்று நாம் வியப்பது போலந்துக்காரர் ஒருவரும் அமெரிக்கர் ஒருவரும் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதே. நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தமிழில் முயன்றோம். மூன்றாம் வரிக்கு மேல் ஓடவில்லை.

கதையில் பின்னர் நிகழ்வது சிரிப்புக்கிடமானதாயினும் கசப்பானது. யந்திரக் கவியின் சிறப்பைக் கண்டு நல்ல கவிஞர்கள் மனமுடைந்து அழிகிறார்கள். மூன்றாந்தரக் கவிஞர்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நல்ல கவிதைக்கும் கெட்ட கவிதைக்கும் வேற்றுமை தெரிந்தாலன்றோ மனம் உடையும்? த்ரூர்ல் யந்திரத்தைப் பிரித்துப் போடக் கருவிகளுடன் வருகிறான். அது உயிர்ப்பிச்சை கேட்டு உருக்கமாகப் பாட, அவன் கருவிகளை எறிந்துவிட்டு அழுகிறான். பின்னர் அதனைத் தொலைவான ஓரிடத்துக்குக் கடத்திவிட, அது எல்லா அலைவரிசைகளிலும் தன் பாட்டை ஒலிபரப்பத் தொடங்குகிறது! வானொலிக்காரர்கள் இப்பகுதியைப் படித்துச் சற்று அஞ்சுதல் நலம்.

2022 நவம்பரில் உரையாடும் கணிப்பொறி அமைப்பு ஒன்று பொதுமக்கள் கைக்கு வந்தபோது, லெம்மைப் படித்தவர்களுக்கு இக்கதையே நினைவில் எழுந்திருக்கும். இவ்வமைப்புகள் இயங்கும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். மனிதர் எழுதிய ஏராளமான எழுத்து அவற்றுக்கு ஊட்டப்படுகிறது. ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வரக்கூடும் என்று ஊகித்து, ஊகம் பிழைக்குந்தோறும் தம்முள் உள்ள கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும்படி அவை பயிற்றப்படுகின்றன. 12,000 டன் கவிதையைப் படிக்கும் பகுதியை இன்றைய பொறியாளர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். பிரபஞ்சத்தை மீண்டும் நிகழ்த்தும் பகுதியை விட்டுவிட்டார்கள். வாழ்க்கை தன் பின்னே விட்டுச் சென்ற சொற்களிலிருந்தே அவ்வாழ்க்கையையும் மீட்டுவிடலாமா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை.

யந்திரத்துக்கு உள்ளே ஓர் உணர்வு உண்டா? அத்தொகுதியிலேயே வேறொரு கதையில் லெம் இதனை எடுத்துக்கொள்கிறார். அரசிழந்து தனியே கிடக்கும் ஒரு கொடுங்கோலனுக்கு விளையாட்டாக, ஒரு பெட்டிக்குள் சின்னஞ்சிறு ராஜ்யத்தை அமைத்துக் கொடுக்கிறான் த்ரூர்ல். அதில் குடிமக்கள் உண்டு. சிறையும் தண்டனையும் உண்டு. "என்ன காரியம் செய்தாய்!" என்று கிளபௌசியஸ் பதறுகிறான். அவை வெறும் பொம்மைகள், துன்பப்படுவதுபோல் காட்டுகின்றனவே யன்றி உண்மையில் துன்பப்படவில்லை என்பது த்ரூர்லின் வாதம். துன்பத்தின் சாயல் குறைவற்றதாக அமைந்துவிட்டால் அதற்கும் துன்பத்துக்கும் வேற்றுமை ஏது? பிறர் நெஞ்சைப் பிளந்து பார்த்தா நாம் அவர் வலியை நம்புகிறோம்? இது கிளபௌசியஸின் மறுப்பு. இருவரும் மனம் பொறாமல் அங்கே திரும்பிச் செல்கையில், அச்சிறு மக்கள் பெட்டியைவிட்டு வெளியேறித் தமக்கென நாடு அமைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறார்கள்.

இவ்வாதத்தை நாம் நெடுநாள் வியந்து வந்தோம். அது எழுத்துக்கும் பொருந்துமா என்ற ஐயம் எழுந்தது, கதையால் அன்று. நம் மேசைமீது வந்த ஒரு கடிதத்தால்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். பணியிலிருக்கும்போதே இறந்த ஊழியர்களின் குடும்பத்துக்கு ஓய்வூதிய ஆணையுடன் ஓர் இரங்கல் கடிதம் செல்லும். தமிழ் மட்டுமே அறிந்த குடும்பங்களுக்கு அதைத் தமிழாக்குவது நம் வேலை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் இன்லண்டு தாளில் மறுமொழி எழுதியிருந்தார். ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "ஐயா, தாங்கள் எழுதிய ஆறுதல் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன்" என்று இருந்தது. நாம் எழுதிய ஆறுதலா! அன்று பிற்பகல் தேநீருக்கு முன் முடித்த நான்கு கடிதங்களுள் அது ஒன்று. இறந்தவர் பெயரைக்கூட நாம் நினைவில் வைக்கவில்லை. டிக் என்பவர் இருந்த மனிதரை இல்லையென்றார். இவ்வம்மையாரோ இல்லாத ஒருவரை இருப்பதாக நம்பினார்.

இப்போது அக்கடிதங்களின் முதல் வரைவைக் கணிப்பொறி தருகிறது, நாம் திருத்துகிறோம். அண்மையில் ஒரு வரைவை நம் பழைய நகல்களோடு ஒப்பிட்டோம். சொல்லுக்குச் சொல் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதில் உணர்வில்லை என்று குறை கூற நமக்கு வாய் எழவில்லை.

லெம் தம் எழுத்து முறையைப் பற்றிக் கூறியது ஒன்று உண்டு. 1961இல் வெளிவந்த 'சோலாரிஸ்' நாவலைத் தொடங்கும்போது, விண்நிலையத்தில் கதாநாயகன் எதைக் காணப்போகிறான் என்பது அவருக்கே தெரியாதாம். அடுத்து வருவது இன்னதென்று அறியாமல் எழுதுவதில் அவருக்கும் இக்கால யந்திரத்துக்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால் நாவலின் கடைசி அத்தியாயம் மட்டும் கைகூடவில்லை. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அதைக் கிடப்பில் போட்டுவிட்டு, பின்னர் வந்து எழுதி முடித்தார். யந்திரத்துக்கு அத்தகைய ஓராண்டு இல்லை. கேட்ட கணத்தில் அது எழுதிவிடுகிறது. நாமும் தேநீருக்கு முன் எழுதிக்கொண்டிருந்தோம்.

சென்ற வாரம் வந்த வரைவை நாம் உடனே திருத்தவில்லை. ஊழியரின் பணிக்கோப்பை வரவழைத்துப் படித்தோம். இருபத்தாறு ஆண்டுப் பணி. மூன்று முறை மாற்றல். மகள் திருமணத்துக்கு முன்பணம் கேட்டு ஒரு விண்ணப்பம், அழகான கையெழுத்தில். மாலைக்குள் அனுப்பவேண்டிய கடிதம் மறுநாள் காலையில்தான் சென்றது. பிரிவு அதிகாரி காரணம் கேட்டார். கோப்பு வரத் தாமதமாயிற்று என்றோம். வரைவில் நாம் மாற்றியவை மொத்தம் இரண்டு வாக்கியங்கள்.