பொது மலசலகூடங்களில் அந்தரங்கம் பேணப்பட வேண்டும்

பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் உள்ள பொது மலசலகூடங்கள் பற்றி முறைப்பாடு எழும்போதெல்லாம் துர்நாற்றமும் தண்ணீர்த் தட்டுப்பாடுமே பேசப்படுகின்றன. கதவை மூடிய பின்னரும் உள்ளே இருப்பவரின் அந்தரங்கம் பேணப்படுவதில்லை என்பதை வாய்விட்டுக் கூறப் பலரும் கூச்சப்படுகின்றனர். தாழ்ப்பாள் கழன்ற கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்க நேரிடும் என்பதை அறிந்த பெண்கள், தூரப் பயணங்களின்போது தண்ணீர் அருந்துவதையே தவிர்த்துவிடுகின்றனர். இப்பழக்கம் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கக்கூடியது என்பதால் இதனை வெறும் கூச்சம் சார்ந்த விடயமாக ஒதுக்கிவிட முடியாது.

செல்வம் பெருகினால் இக்குறை தானாக நீங்கிவிடும் என்று எண்ணவும் இடமில்லை. அமெரிக்காவின் பொது மலசலகூடங்களில் கதவுக்கும் அதனைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையே வெளிப்படையாகத் தெரியும் நீக்கல் அங்கு செல்லும் வெளிநாட்டவரை வியப்பில் ஆழ்த்துவதுண்டு. தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்யப்படும் தடுப்புப் பலகைகளைச் சீராக அமையாத சுவர்களுக்கிடையில் பொருத்த வேண்டியிருப்பதால் சற்று இடம் விடப்படுகிறது. கீழ்ப்புற இடைவெளியோ நிலத்தைக் கழுவுவதற்கும், எவரேனும் மயங்கி வீழ்ந்தால் அறிந்துகொள்வதற்கும் உதவுகிறது. சக்கர நாற்காலியில் வருவோருக்கான அறை போதிய விசாலமற்றதாயின் தடுப்பின் கீழ் 9 அங்குலம் விடப்பட வேண்டும் என்று அந்நாட்டின் 2010 ஆம் ஆண்டுத் தரவிதிகள் கூறுகின்றன.

கீழ்ப்புற இடைவெளிக்குக் கூறப்படும் காரணங்கள் நியாயமானவையே. ஆனால் பக்கவாட்டு நீக்கலுக்குப் பொருத்துவோரின் வசதியைத் தவிர வேறு காரணம் இல்லை. கதவின் விளிம்பு சட்டத்தின் மேல் அரை அங்குலம் படியுமாறு அமைத்தாலே பார்வை தடைப்பட்டுவிடும். ஏற்கெனவே உள்ள கதவுகளுக்கு ஒரு றப்பர் பட்டி போதுமானது.

தென்கொரியா இதற்கு நேர்மாறான வழியை நாடியுள்ளது. மறைகமராக்களுக்கு எதிராக 2018 இல் சியோலில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் வீதிக்கு இறங்கினர். புதிதாக அமைக்கப்படும் பொது மலசலகூடங்களில் தடுப்புக்கும் நிலத்துக்கும் இடையே 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது என்ற விதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறாயின் மயங்கி வீழ்ந்தவரை எவ்வாறு காப்பாற்றுவது? உள்ளே ஆள் இருப்பதைச் சிவப்பு, பச்சை நிறங்களால் காட்டுவதும், அவசர வேளையில் வெளியிலிருந்து நாணயமொன்றினால் திறக்கக்கூடியதுமான தாழ்ப்பாள்கள் பல நாடுகளில் நெடுங்காலமாகவே பாவனையில் உள்ளன.

எமது நாட்டில் மலசலகூட அறைகள் பெரும்பாலும் கற்சுவரால் பிரிக்கப்பட்டவை என்பதால் குறை கதவிலேயே உள்ளது. ஈரத்தில் உப்பிய பலகையிலோ உள்ளீடற்ற பிளாஸ்ரிக் கதவிலோ சிறிய திருகாணிகளால் பொருத்தப்படும் தாழ்ப்பாள் நீண்டகாலம் நிலைப்பதில்லை. கதவினூடாகத் துளையிட்டு மறுபுறத்தில் நட்டினால் இறுக்கினால் அது எளிதில் கழலாது. ஒரு கொளுக்கியின் அவசியமும் பெரிதாக உணரப்படுவதில்லை. சேலையோ அபாயாவோ அணிந்து, கைப்பையுடனும் குழந்தையுடனும் வரும் பெண் தண்ணீர் அள்ளிச் சுத்தம் செய்வதற்கு ஒரு கையாவது ஓய்வாக இருக்க வேண்டாமா? கையடக்கத் தொலைபேசிக் கமராக்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில் நடைபாதையை நோக்கிய காற்றுத் துவாரங்களும் கவனத்துக்குரியவை. வெளியிலிருந்து நோக்கினால் கூரை மாத்திரமே தெரியும்படி அவற்றின் பலகைகளைச் சாய்த்துப் பொருத்தலாம்.

சுகாதார வசதி அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் உறுதிசெய்வதாக அமைய வேண்டும் என்பதை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015 டிசம்பரில் மனித உரிமையாகவே ஏற்றுக்கொண்டது. நகர சபைகளும் பிரதேச சபைகளும் மலசலகூடங்களுக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது தாழ்ப்பாளின் வகை, கதவு விளிம்பின் அமைப்பு, கொளுக்கியின் உயரம் ஆகியவற்றையும் நிபந்தனைகளாக உட்படுத்த வேண்டும். கட்டிடத்தைப் பொறுப்பேற்கும் நாளில் பெண் உத்தியோகத்தர் ஒருவர் உள்ளே சென்று தாழிட்டுப் பார்த்து, மற்றொருவர் வெளியே நின்று நோக்கிய பின்னரே ஒப்பந்தக்காரருக்கான இறுதிக் கொடுப்பனவு அங்கீகரிக்கப்பட வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.