இடுப்பு அகலம் பார்த்துப் பிரசவம் சொல்லலாமா?



"அவளுக்கென்ன, இடுப்பு அகலமா இருக்கு, சுலபமா பெத்துடுவா" என்று லைன் வீடுகளிலும் ஹட்டிகளிலும் பெரியவர்கள் சொல்வதுண்டு. கேட்க ஆறுதல்தான். ஆனால் வெளியே தெரியும் இடுப்பில் சதையும் சேர்ந்திருக்கிறது. குழந்தை வரும் வழி உள்ளே இருக்கும் எலும்பு வளையம். அதன் மேல்வாய் முன்பின்னாகச் சுமார் 11 சென்டிமீட்டர். நிறைமாதக் குழந்தையின் தலை அகலம் சுமார் ஒன்பதரை. தலை குனிந்து, மெல்லத் திரும்பித்தான் இறங்குகிறது. பெரும்பாலான தாய்மார்களுக்கு இது இயல்பாகவே நடந்துவிடும்.

சிலருக்கு வளையம் குறுகலாக இருக்கும். உயரம் 145 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்கள், சிறுவயதில் எலும்பு வளைந்தவர்கள், இடுப்பில் அடிபட்டவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நர்ஸம்மா உயரம் அளப்பது இதற்குத்தான். வயசுக்கு வந்த பிறகும் சில வருஷம் இடுப்பெலும்பு வளர்கிறது. பெண்ணின் திருமண வயது 18 என்று 1978-இல் சட்டமானது. கல்யாணம் ஆனாலும் முதல் பிள்ளைக்கு 20 வயது தாண்டட்டும்.

குள்ளமாக இருந்தாலே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். தலை இறங்குமா என்பது வலி எடுத்த பிறகே தெளிவாகும். ஸ்கேன்கூட முடிவாகச் சொல்லாது. ஆகவே இவர்களுக்கு ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்க வேண்டும். தலை சிக்கி மணிக்கணக்கில் வலி நீடித்தால் கர்ப்பப்பை கிழியலாம், குழந்தை மூச்சுத் திணறலாம். அழுத்திய இடம் புண்ணாகி ஓட்டை விழுந்து, சிறுநீர் ஓயாமல் ஒழுகும் கஷ்டமும் உண்டு.

"புள்ள சின்னதா இருந்தா சுலபமா வரும்" என்று சாப்பாட்டைக் குறைக்கிறார்களே, அது வீண் யோசனை. எலும்பு வழி அதனால் அகலமாகாது. தாய்க்கு ரத்தசோகை, குழந்தைக்கு எடைக்குறைவு, அதுதான் மிச்சம். எடை குறைந்த குழந்தை நம் ஊர்க் குளிரைத் தாங்காது. ராகி, கீரை, முட்டை, பருப்பு எல்லாம் வயிறாரச் சாப்பிடட்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் விடக்கூடாது.

108-க்குப் போன் செய்தால் வண்டி வரும், நிஜம்தான். ஆனால் 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து நம் மலைப்பாதைகள் அடைபட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே சொன்னவர்களும், முன்பு சிசேரியன் ஆனவர்களும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

கணவர்மாரே, எட்டாம் மாதச் செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்க. "எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம்?" என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்க. மூத்த பிள்ளை இருந்தால் யாரிடம் விடுவது என்பதையும் அப்போதே பேசி வச்சுக்குங்க.