கீரை சாப்பிட்டும் ரத்தசோகையா? சாப்பிட்டதும் குடிக்கும் டீயை கவனிங்க!

"கீரை சாப்பிடுறேன், அப்பவும் ரத்தம் கம்மின்னு சொல்றாங்களே!" பல பெண்களின் புலம்பல் இது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை உள்ளது.

என்ன காரணம்?

கீரை, கேழ்வரகு, பயறில் உள்ள இரும்புச்சத்தில் சிறிதளவையே உடல் உறிஞ்சும். சாப்பிட்டதும் டீ, காபி குடித்தால் அதுவும் குறையும்.

என்ன செய்யலாம்?

டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேருங்க. இவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல வீடுகளில் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுகிறார். கீரையோ மீனோ, மிஞ்சியதுதான் அவருக்கு. இன்னைக்கு அவர் பங்கை முதல்லயே எடுத்து வைங்க. சோர்வு தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம்.