ஒரு கோடு போதாது

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருக்கும் மகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை அனுப்பி, "இவளுக்கு லைம் நோய் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் வகையின் தலைப்பின் கீழ் 10 எண்கள். 41-க்கு நேரே மட்டும் 'உண்டு'. மற்ற ஒன்பதுக்கும் 'இல்லை'. முடிவு: நெகட்டிவ். அதற்கு முன் எதிர்ப்பொருளைத் தேடிச் செய்த எலைசா சோதனை பாசிட்டிவ் என்பதால் அவருக்குக் கலக்கம் கூடிவிட்டது.

அந்த எண்கள் கிருமியின் புரதங்களுடைய எடை, கிலோடால்டன் கணக்கில். லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, உடைத்து, கூழ்த்தகட்டில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 18 எடையுள்ள புரதம் விறுவிறுவென்று கீழே ஓடிவிடும். 93 மேலேயே தங்கிவிடும். அந்த வரிசையை அப்படியே மெல்லிய தாளுக்கு மாற்றி, நோயாளியின் ரத்தநீரில் ஊறவைக்கிறார்கள். எதிர்ப்பொருள்கள் தத்தம் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ள, சாயம் ஏற்றியதும் அந்த இடங்களில் கோடு விழுகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இதுதான். நோயாளியின் உடம்பில் இருக்கும் கிருமியை இந்தத் தாளில் யாரும் பார்ப்பதே இல்லை.

41 என்பது கிருமி நீந்த உதவும் கசையிழையின் புரதம். கசையிழை உள்ள வேறு பல பாக்டீரியாக்களிலும் இதைப் போன்ற புரதம் உண்டு. அதனால் லைம் நோயே வராதவர்களுக்கும் இந்தக் கோடு விழும். சமையலறையில் பெருங்காயம் மணக்கிறது. சாம்பாரா, ரசமா, மோர்க்குழம்பா? புளி, துவரம்பருப்பு, வெந்தயம், மல்லி எல்லாம் சேர்ந்து மணத்தால்தான் சாம்பார் என்று துணிந்து சொல்லலாம். பத்தில் ஐந்து கோடாவது வேண்டும் என்ற விதியும் அதற்காகத்தான். அடுப்பு மூட்டிய உடனே மோந்து பார்த்தால் எந்த மணமும் வராது. எதிர்ப்பொருள் உருவாகவும் சில வாரங்கள் ஆகும். டப்பா காலியான பின்னும் பெருங்காயம் மணப்பதுபோல, குணமான பிறகும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இருக்கும். நோய் தீர்ந்ததா என்று பார்க்க இதே சோதனையைத் திரும்பச் செய்வது வீண்செலவு.

வரலாறு சுருக்கமாக: 1975-இல் கனெக்டிகட்டின் லைம் என்ற ஊரின் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு மூட்டுகள் வீங்கின. இந்த நோயைப் பரப்பும் உண்ணிக்குள் இருந்த கிருமியை வில்லி பர்க்டோர்ஃபர் கண்டுபிடித்தது 1982-இல் வெளியானது. கோடுகளின் கணக்கு 1995-இல் முடிவானது. 2019 முதல் கோட்டுத்தாளுக்குப் பதில் இன்னொரு எலைசாவே போதும் என்ற முறைக்கும் அமெரிக்காவில் அனுமதி உண்டு.

நோயின் தொடக்கத்தில் உருவாகும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் வகையின் சோதனைக்கு மூன்றில் இரண்டு கோடு போதும். ஆனால் நோய் தொடங்கிய முதல் 30 நாட்களுக்குத்தான் அந்தக் கணக்கு. மாதக்கணக்கான சோர்வுக்கு ஐஜிஎம் கோட்டை மட்டும் காட்டி லைம் என்பவர்களையும், தாங்களே வகுத்த விதிப்படி பாசிட்டிவ் தரும் ஆய்வகங்களையும் நம்பி மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டாம்.

அம்மா, மகளிடம் ஒன்று கேளுங்கள்: உண்ணி கடித்து எத்தனை நாளில் ரத்தம் கொடுத்தாள்? ஒரு வாரம்தான் என்றால் இந்த நெகட்டிவுக்குப் பெரிய மதிப்பில்லை. சில வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் நாளுக்கு நாள் விரிந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். அந்த ஊர் மருத்துவர் அதைப் பார்த்தே மருந்து தொடங்குவார்.