பிள்ளையின் கஃபனுக்குக் காப்பீடா?

பள்ளிப் பருவத்துப் பிள்ளையின் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்துவைத்தால், எதிர்பாராத மரணத்தில் அடக்கச் செலவுக்கு உதவாதா? திண்டுக்கல் பேகம்பூரிலாயினும், சமவெளியில் வத்தலக்குண்டு, நிலக்கோட்டையிலாயினும் பெற்றோர் மனத்தில் எழக்கூடிய வினா இது.

நம் அடக்கத்திற்கு வேண்டியதுதான் என்ன? ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து கஃபன் துணிகள், குளிப்பாட்ட நீர், ஆறடி மண். சந்தூக்கு பள்ளிவாசலுடையது. மய்யித்தை நல்லடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா. வசதியற்ற வீட்டின் சுமை மஹல்லாவின் சுமையே.

கடன் வருவது கபரால் அன்று. மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் விருந்துகளால்! ஹிஜ்ரி 8இல் மூத்தாப் போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதானபோது, அவர்களின் வீட்டாருக்கு உணவு சமைத்தளிக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இன்றோ, துயருற்ற வீடே ஊருக்குச் சமைக்கிறது.

ஆயுள் காப்பீட்டின் முதல் நோக்கம் வருவாய் இழப்பை ஈடுசெய்வது. பிள்ளையின் உழைப்பிலா நம் வீட்டு அடுப்பு எரிகிறது? 2015இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்திலும் 18 முதல் 50 வயதினரே சேரலாம். மேலும், 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, வணிகக் காப்பீட்டை மறுத்து, கூட்டுறவுக் காப்பீட்டை அனுமதித்தது.

ஆகவே பெற்றோர்களே! அந்தத் தவணைத் தொகையைப் பிள்ளையின் கல்விக்கு ஒதுக்குங்கள். ஜமாஅத்தார் மஹல்லாதோறும் ஜனாஸா நிதி ஒன்றை நிறுவட்டும். உழைக்கும் தந்தையை இழந்த குடும்பத்திற்கும் அது கைகொடுக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளை அருள்வானாக! ஆமீன்.